இரவல் மலைகள்

சொந்த ஊரைப் பற்றிப் பிறர் எழுதிய நாவலை வாசிப்பதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கதாபாத்திரங்களின் மனத்தைக் கவனிக்க வேண்டிய கண், அவர்கள் நடந்து போகும் பாதை சரியான இடத்தில்தான் திரும்புகிறதா, அந்த மாதத்தில் அந்தச் சரிவில் அப்படி மழை பெய்யுமா என்று பரிசோதிக்கத் தொடங்கிவிடுகிறது. ரசிகனாக உட்கார்ந்தவன் சாட்சிக்காரனாக எழுந்திருக்கிறான். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த அனுபவம் வாய்த்தது, பினாங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் தான் துவான் எங் என்பவரின் நாவலால். அந்த ஒரு நாவலோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. அவருடைய இரண்டு நாவல்களை அடுத்தடுத்து வாசித்த பிறகுதான், ஒரு படைப்பாளியின் மனம் எதைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதும், அப்படிச் சுற்றுகையில் எதைப் பார்த்தும் நில்லாமல் கடந்து போகிறது என்பதும் எனக்குப் புலப்பட்டன.

ஸ்தலத்தைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக் எல்லையை ஒட்டி உயர்ந்து நிற்கும் இந்த மேட்டுநிலம், 1885ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயரைத் தாங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் இங்கே தேயிலை வேரூன்றியது. காட்டை அழித்தவர்களும், செங்குத்தான சரிவில் குழி வெட்டிக் கன்று நட்டவர்களும், பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. என் தாயார் அப்படிக் கூடையைச் சுமந்தவர். தந்தையார் தொழிற்சாலையில் இருந்தார். மாலையில் நிறுத்துக் கொட்டிய கொழுந்தை மேல்மாடியில் பரப்பி இரவெல்லாம் வாடவிட்டு, மறுநாள் உருட்டி நசுக்கி, பச்சை மாறிச் செம்பின் நிறம் ஏறும் வரை காற்றில் புளிக்க விட்டு, ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து ‘சரி, அடுப்புக்குப் போகலாம்’ என்று அவர் சொல்லும் கணம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. துரையின் மேஜைமீது கடிகாரமும் வெப்பமானியும் இருந்தன. ஆயினும் துரையே அந்த மூக்கின் தீர்ப்புக்காகக் காத்து நின்றதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன்.

படிப்பு என்னை மலையிலிருந்து கீழே இறக்கியது. பேராக் சமவெளியில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியனாக உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றபின், வயது முதிர்ந்த தாயாரோடு மலைமீதே தானா ராத்தா என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு வீட்டில் வந்து அமர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான், 2012இல், ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ என்ற நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அது கேமரன் மலையில் நடக்கும் கதை என்றும் எழுதின. ஈப்போவிலிருந்து மருமகன் ஒரு பிரதி வாங்கி வந்தான். படித்து முடித்த கையோடு, அதே ஆசிரியரின் முதல் நாவலான ‘தி கிஃப்ட் ஆஃப் ரெய்ன்’ எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். 2007இல் வெளிவந்து, அதுவும் புக்கர் பரிசின் நெடும்பட்டியலை எட்டிய நூல். இளையதை முதலிலும் மூத்ததைப் பின்னாலும் படித்ததில் ஒரு லாபம் இருந்தது: எந்த விதையிலிருந்து எந்த மரம் வந்தது என்பதை மரத்தை நன்கு பார்த்த பிறகே தேட முடிந்தது.

இரண்டு நாவல்களின் எலும்புக்கூடும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் வயது முதிர்ந்த ஒருவர் தனிமையில், பெரிய வீட்டில், கடந்த காலத்தோடு வாழ்கிறார். முதலாவதில் அவர் பிலிப் ஹட்டன். பினாங்கின் ஆங்கிலேய வர்த்தகக் குடும்பத்தில் சீனத் தாய்க்குப் பிறந்தவர். இரண்டாவதில் தியோ யுன் லிங். ஜப்பானியரின் அடிமை முகாமிலிருந்து உயிரோடு மீண்டு, சட்டம் பயின்று நீதிபதியாகி, நினைவும் சொல்லும் தன்னை விட்டு நழுவச் செய்யும் நோயோடு பதவியைத் துறந்து மலைக்குத் திரும்பும் பெண். இருவரையும் தேடி ஜப்பானிலிருந்து ஒருவர் வருகிறார். பிலிப்பைத் தேடி வருபவர் மிச்சிகோ என்ற முதிய மாது. யுன் லிங்கைத் தேடி வருபவர் தாத்சுஜி என்ற சரித்திரப் பேராசிரியர். வந்தவர் கேட்பது, மறைந்துபோன ஒரு ஜப்பானிய ஆசானைப் பற்றி. அந்தக் கேள்வியின் நிர்ப்பந்தத்தால் ஐம்பது ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோ பூட்டிக் கிடந்த கதவு திறக்கிறது.

அந்த ஆசான்தான் இரு நாவல்களுக்கும் ஆணிவேர். முதல் நாவலில் என்டோ, பதினாறு வயதுப் பிலிப்புக்கு அய்கிடோ மற்போர்க் கலையையும் ஜப்பானிய மொழியையும் கற்றுக் கொடுக்கிறார். அன்புள்ள மாணாக்கன் தன் குருவுக்கு ஊரையும் நாட்டையும் சுற்றிக் காட்டுகிறான். அந்தப் பிரயாணங்கள் யாவும் வரப்போகும் படையெடுப்புக்கான வேவு என்பது பின்னால் தெரிகிறது. இரண்டாவதில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் தோட்டக் கலைஞராக இருந்த நக்கமுரா அரிதோமோ, 1951இல் தன்னிடம் வரும் யுன் லிங்கை, முகாமில் மாண்ட அவளுடைய தமக்கையின் நினைவாக ஒரு தோட்டம் அமைத்துத் தர மறுத்து, மழைக்காலம் வரும் வரை தன்னிடமே பணி செய்து அந்தக் கலையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். அவளுடைய விரல்களை வெட்டிய இனத்தைச் சேர்ந்த மனிதரிடம், மீதமுள்ள விரல்களால் அவள் கல் புரட்டக் கற்றுக்கொள்கிறாள். துரோணர் கேட்ட கட்டைவிரலை அறிந்த நமக்கு, குருதட்சிணை முன்னமே பறிக்கப்பட்டுவிட்ட இந்தச் சிஷ்யை புதியவள். வெறுக்க வேண்டியவரை நேசிக்க நேர்வது, நேசித்தவரை மன்னிக்க முடியாமல் போவது என்ற இரண்டு சங்கடங்களையும் ஆசிரியர் இரு நூலிலும் விடாமல் தொடர்கிறார். கலையை அவர் அழகுக்காக மட்டும் வைக்கவில்லை; மூச்சை அடக்கி எய்யும் வில்லும், உடலைச் சாய்த்து விழும் மற்போரும், சரியான கோணத்தில் நட்ட கல்லும், பேச முடியாத துக்கத்துக்கு இந்தப் பாத்திரங்கள் கண்டுகொண்ட உபாயங்கள்.

வேற்றுமைகளுக்கு வருகிறேன். தமிழ் படித்தவனுக்குத் திணைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிலத்தைப் பார்க்கத் தெரியாது. முதல் நாவல் கடல் சூழ்ந்த தீவில் நடக்கிறது. அதன் உணர்ச்சி இரங்கல். பிலிப் என்னும் கிழவர் கரையில் நின்று, போனவர்களை எண்ணி எண்ணி வருந்துவதே அதன் நாடி. இரண்டாவது மலையில் நடக்கிறது. மூடுபனிக்குள் ஓர் ஆணும் பெண்ணும் மெல்ல நெருங்கி ஒன்றுபடுவதே அதன் மையம். நெய்தலையும் குறிஞ்சியையும் பற்றிக் கேள்வியே பட்டிராத ஒரு சீன மலேசியர், ஆங்கிலத்தில் எழுதும்போது, நம் இலக்கணம் வகுத்த அதே உரிப்பொருள்களை அந்தந்த நிலத்தில் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். நிலத்துக்கே அப்படியொரு ஸ்வபாவம் இருப்பதனாலும் இருக்கலாம். நான் இரண்டாவதையே நம்புகிறவன்.

நடையிலும் பெரிய மாறுதல் இருக்கிறது. முதல் நாவலில் ஆசிரியருக்குத் தெரிந்த அனைத்தும் வந்து விடுகின்றன: ரகசியச் சங்கங்கள், சீன அரச வம்சக் கதை, சோதிடம், முற்பிறப்பு, குண்டுவீச்சு, சித்திரவதை, தியாகத்தின்மேல் தியாகம். உவமை இல்லாமல் ஒரு பக்கம் நகர்வதில்லை. வாசகன் மூச்சு வாங்கும் இடம் சொற்பம். இரண்டாவதில் அதே மனிதர் பாதிக்குப் பாதி சொல்லாமல் விடக் கற்றிருக்கிறார். உவமைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வெற்றிடத்தோடு, அரிதோமோவின் தோட்டத்துக் கல்லைப் போல நிற்கின்றது. காலம் மூன்று அடுக்காக, முதுமையும் 1951உம் போர்க்கால முகாமுமாக மாறி மாறி வந்தும் குழப்பம் இல்லை. என் தந்தையாரின் பாஷையில் சொல்வதானால், முதலாவது அன்று கிள்ளிய கொழுந்து, இரண்டாவது இரவெல்லாம் வாடிய கொழுந்து: நீர் வற்றியது, மணம் ஏறியது.

கருத்திலும் இந்த வளர்ச்சி தெரிகிறது. முதல் நாவல், எல்லாம் முன்பே எழுதப்பட்டதா, மனிதனுக்குத் தேர்வென்று ஒன்று உண்டா என்ற கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறது. என்டோவும் பிலிப்பும் பல பிறவிகளாகப் பிணைக்கப்பட்டவர்கள் என்ற நம்பிக்கை கதை முழுவதும் ஓடுகிறது. ஊழ்வினையின் வலிமையைச் சிலப்பதிகாரத்தில் பள்ளி வயதிலேயே படித்துவிட்ட தமிழனுக்கு இது அந்நியமான விஷயமன்று. எனினும், குடும்பத்தைக் காப்பாற்ற எண்ணி ஜப்பானிய நிர்வாகத்தில் சேர்ந்து பணியாற்றிய பிலிப், கடைசியில் ஊழின் நிழலில் ஒதுங்கிக்கொள்வது எனக்கு முழுத் திருப்தியைத் தரவில்லை. இரண்டாம் நாவலில் ஊழ் பின்வாங்கி, அதன் ஆசனத்தில் ஞாபகம் அமர்கிறது. மறக்க விரும்பியவளுக்கு மறதி நோயாக வரும்போது, மறக்கக் கூடாது என்று எழுதத் தொடங்குகிறாள். தோட்ட முதலாளி மாக்னஸின் வீட்டில் நினைவின் தேவதைக்கும் மறதியின் தேவதைக்கும் இரட்டைச் சகோதரிகளாகச் சிலை இருக்கிறது. போயர் போரில் ஆங்கிலேயருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்திய தென்னாப்பிரிக்கர் அந்த மாக்னஸ். தன் தேயிலைத் தோட்டத்துக்கு, 1881இல் தன் இனத்தார் ஆங்கிலேயரை முறியடித்த மஜூபா குன்றின் பெயரையே இட்டிருக்கிறார். தோற்றவனின் ஞாபகம் எப்படி ஒரு மலையின் பெயராகி மற்றொரு கண்டத்தில் வந்து நிற்கிறது என்பதை அந்த ஒரு விவரத்தில் ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

இந்த மஜூபா தோட்டக் கதையை ஒரு பிற்பகலில் தாயாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டிய வயது. கண் மங்கியிருந்தாலும் காது தெளிவு. முறத்தில் அவரைக்காய் ஆய்ந்தபடியே கேட்டார். ஜப்பான்காரத் தோட்டக்கலைஞரைப் பற்றிச் சொன்னபோது முகம் சுளித்தார்; தமக்கையைப் பறிகொடுத்த பெண்ணைப் பற்றிச் சொன்னபோது ‘பாவம்’ என்றார்; மாக்னஸ் துரையைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் கொண்டு போனதைச் சொன்னபோது கை நின்றது. பிறகு கேட்டார்:

“எல்லாஞ் சரி தம்பி, அந்தத் தோட்டத்துல கொழுந்து எடுத்தது யாரு?”

“நம்ம ஆளுங்கதாம்மா. புத்தகத்துல வர்றாங்க. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நிக்கிறாங்க, கூடையோட போறாங்க.”

“வந்து?”

“வந்து... அவ்வளவுதான்.”

தாயார் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே சொல்ல ஆரம்பித்தார். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க 1948இல் அவசரகாலம் பிரகடனமானபின் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டதையும், வேலைக்குப் போகும்போது வாசலில் நிறுத்திக் கூடையையும் முந்தானையையும் சோதித்ததையும், மலைக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகக் கூடாதென்று தடுத்ததையும் சொன்னார். “காட்டுல இருக்கிறவனுக்குக் குடுத்துருவோமாம். பசியோட நின்னு கொழுந்து எடுத்தோம். அவனுக்கும் பயம், இவனுக்கும் பயம். ரெண்டு பக்கமும் துப்பாக்கி, நடுவுல நாங்க கூடையோட.” அரிசி காட்டுக்குள் போகாமல் தடுப்பது அன்றைய அரசாங்கத்தின் யுத்த தந்திரம் என்பதைச் சரித்திர நூல்களில் நான் படித்திருக்கிறேன். அந்தத் தந்திரம் என் தாயாரின் வயிற்றின் வழியாக நடந்தது என்பதை அன்றுதான் கேட்டேன்.

ஜப்பான் காலத்தைப் பற்றியோ எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அதற்குக் காரணம் என் தாய்மாமன். கீழே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவரை, மற்றவர்களோடு சேர்த்துச் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இலும் 1943இலும் போடப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக மடிந்தவர்களில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களின் சாவோ 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். மாமா திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டிப் பளபளக்கும் ஒரு வடுவும், ரயிலில் ஏற மறுக்கும் ஒரு வைராக்கியமும் அவரோடு வந்தன. எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போவார். ஏன் என்று கேட்ட சிறுவர்களைத் தாயார் அதட்டி உள்ளே அனுப்பிவிடுவார். அவரைத் தேடி ஜப்பானிலிருந்து பேராசிரியர் யாரும் வரவில்லை. அவருடைய கதவைத் திறக்கும் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, நானும் உட்பட.

அரிதோமோவின் தோட்டக்கலையில் ஒரு நுட்பம் உண்டு. வேலிக்கு அப்பால், தனக்குச் சொந்தமில்லாத தொலைதூர மலையையும் வானத்தையும் தன் தோட்டத்தின் பகுதியே போலத் தோன்றும்படி, மரங்களை நட்டும் விலக்கியும் காட்சியை அமைப்பது. தூரத்து எழிலை இரவலாக வாங்கிக்கொள்வது. ஜப்பானியரின் பழைய சம்பிரதாயம் அது. நாவலின் உயிர்நாடியும் அதுதான். தாயாரின் கேள்விக்குப் பிறகு அந்த நுட்பத்தை நான் வேறு விதமாகப் பார்க்கலானேன். தான் துவான் எங்கின் இரு நாவல்களிலும் நம்மவர் இரவல் மலைகளாக நிற்கிறார்கள். காட்சி அவர்களால் ஆழம் பெறுகிறது. அவர்கள் இல்லாவிட்டால் மலையே மலையாக இராது. ஆனால் அவர்கள் நிற்பது வேலிக்கு அப்பால்.

இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் இதற்கு அவருடைய கருப்பொருளிலேயே காரணம் இருக்கிறது. இரு நாவல்களும் தேர்வைப் பற்றியவை. பிலிப் ஒத்துழைக்கத் தேர்ந்தான். யுன் லிங் எவ்விதத்திலேனும் உயிர் தரிக்கத் தேர்ந்தாள். பிழைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு அந்தத் தேர்விலிருந்து பிறக்கிறது. செல்வமும் கல்வியும் மொழிகளும் உள்ளவர்களுக்கே அப்படிப்பட்ட கவலை கட்டுப்படியாகும். லாரியில் ஏற்றப்பட்ட என் மாமாவுக்குத் தேர்வு என்று ஏதும் இருக்கவில்லை. ஆகையால் அந்த வகை நாவலில் அவருக்கு இடமும் இருக்கவில்லை. அவருக்கு வேறு வகை நாவல் வேண்டும்.

அந்த வேறு வகை நம் மொழியில் இல்லாமலில்லை. போர்க்காலத்தில் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த ப. சிங்காரம், மதுரைக்குத் திரும்பி எழுதியவை இரண்டே நாவல்கள்தாம்: 1959இல் நூலான ‘கடலுக்கு அப்பால்’, 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’. முன்னதில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பும் செல்லையா, போருக்குப்பின் வட்டிக்கடை உலகத்தில் தன் காதலை இழக்கிறான். பின்னதில் அதே ராணுவ வாழ்க்கையைக் கடந்த பாண்டியன், உயிரையே இழக்கிறான். ஒரே அனுபவத்தை இருமுறை எழுதியவர்கள் என்ற வகையில் சிங்காரமும் தான் துவான் எங்கும் ஒரு ஜாதி. ஆனால் போன வழி நேர்மாறு: சிங்காரம் அடக்கத்தில் தொடங்கி, கிண்டலும் கேலியும் இலக்கியமும் குடிமயக்கமும் பெருகும் புயலில் போய் முடிந்தார், பினாங்குக்காரர் புயலில் தொடங்கி அடக்கத்தில் வந்து சேர்ந்தார். ஒருவனுடைய முதல் நாவலில் எது மிகையாக இருந்ததோ, அதைத்தான் அவனுடைய இரண்டாம் நாவல் சரி செய்ய முயல்கிறது என்பது என் அபிப்பிராயம். சிங்காரத்துக்கு மிகையாக இருந்தது கட்டுப்பாடு. மற்றவருக்கு மிகையாக இருந்தது கதை. சயாமுக்குப் போன கூலிகளின் கதையையோ, ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற பெயரிலேயே 1993இல் நாவலாக எழுதி வைத்தார்.

‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ 2012க்கான மான் ஆசிய இலக்கியப் பரிசையும், அடுத்து வால்டர் ஸ்காட் சரித்திர நாவல் பரிசையும் பெற்றது. 2019இல் திரைப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் பலர் எங்கள் மலைக்கு வந்து, அரிதோமோவின் தோட்டம் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதுண்டு. கற்பனை என்று சொன்னால் ஏமாந்து போகிறார்கள். கண்முன் விரிந்து கிடக்கும் நிஜத் தோட்டத்தில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் இயந்திரத்தால் கொழுந்து வெட்டுகிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. தாயாரும் மாமாவும் இன்று இல்லை.

வாசகர்களுக்கு என் தீர்ப்பை இப்படிச் சொல்வேன். இரண்டில் சிறந்தது சந்தேகமின்றி இரண்டாவது நாவலே. ஆனால் முதலாவதைப் படிக்காதவருக்கு அதன் மௌனம் எவ்வளவு முயன்று பெற்றது என்பது விளங்காது. ஆகவே இரண்டையும் வரிசைப்படியே படியுங்கள். படித்து முடித்தபின், அதே அலமாரியில் ‘புயலிலே ஒரு தோணி’யையும் ‘சயாம் மரண ரயி’லையும் அடுத்தடுத்து வையுங்கள்; ஒரே போரை வேலிக்கு இருபுறமிருந்தும் பார்த்தவர்கள் ஆவீர்கள். உங்கள் வீட்டில் பெரட்டுக்குப் போன ஒரு பாட்டியோ, பால் மரம் சீவிய ஒரு தாத்தாவோ இன்னும் இருந்தால், புத்தகங்களுக்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். கேட்டதை அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.